தலைக்கு ஐந்து நிமிட நட்பு

மலேசியாவில் க்ளுவாங்கில் உள்ள எங்கள் இடைநிலைப் பள்ளிக்கு மேலிடத்துச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. மாணவர் ஒவ்வொருவரும் மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவருடன் நட்புக் கொண்டு, அதற்குச் சான்றாகப் புகைப்படமும் படிவமும் ஒப்படைக்க வேண்டும். புறப்பாடத்தில் பத்து மதிப்பெண். பொறுப்பாசிரியை நான்.

எங்கள் பள்ளியில் அப்படி ஒருத்திதான் இருந்தாள். நான்காம் படிவ வகுப்பு ஹுமைரா. சக்கர நாற்காலியில் வருவாள். பேச்சு நிதானமாக வரும். நட்புக் கொள்ள வேண்டியவர்களோ முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஆகவே தலைக்கு ஐந்து நிமிடம் என்று முறை வைத்தேன். ஓர் இடைவேளைக்கு நாலு நண்பர்கள். அவளுடைய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் தினமும் பிரிக்காமலே வீடு திரும்பியது. திட்டம் என்றால் அதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

வரிசைப் பக்கம் நின்ற பையன்களின் பேச்சு காதில் விழும்.

"முடிச்சிட்டியாடா?" என்றான் சின் வெய்.

"நேத்தே," என்றான் ரிட்சுவான். "மூனு போட்டோ எடுத்தேன். ஒன்னுலதான் நான் நல்லா இருக்கேன்."

"அவ என்ன சொன்னா?"

"என்னமோ சொல்ல வந்தா. அதுக்குள்ள டைம் ஆயிருச்சு."

திட்டம் முடியும் வாரம் அவளே என்னிடம் வந்தாள்.

"டீச்சர்... சனிக்கிழமை கிளாஸ்ல எல்லாரும்... படத்துக்குப் போறாங்க. நானும் வரட்டுமான்னு... கேக்கணும். கேக்கறதுக்குள்ள... எந்திரிச்சுப் போயிடறாங்க."

அவள் வகுப்புத் தலைவி ஜியா யீயைக் கூப்பிட்டேன்.

"எனக்கு ஹுமைராவை ரொம்பப் பிடிக்கும் டீச்சர். ஆனா எங்க எல்லாருக்கும் அவகூட ஃப்ரெண்ட்ஷிப் முடிஞ்சிருச்சே."

"படத்துக்குக் கூட்டிட்டுப் போனா என்ன?"

"சனிக்கிழமைக்கு மார்க் உண்டா டீச்சர்?"

சுற்றறிக்கையைப் புரட்டினேன். இல்லை. அதைச் சொன்னதும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். விதிமுறை தெரிந்த பிள்ளை.

பெரிய சிக்கல் அப்புறம்தான் வந்தது. ஹுமைராவும் மாணவிதானே, அவளுக்கும் பத்து மதிப்பெண் வேண்டாமா? அவள் நட்புக் கொள்ள வேறு மாற்றுத்திறனாளி இல்லை. தலைமையாசிரியர் ஆழ்ந்து யோசித்தார்.

"அவளுக்கு அவளே ஃப்ரெண்டா இருக்கட்டும். படிவம் காலியாப் போகக்கூடாது."

கைகழுவும் இடத்துக் கண்ணாடி முன் அவள் நாற்காலியை நிறுத்திப் படமெடுத்தேன். ஐந்து நிமிடம் கடிகாரம் பார்த்துக் கொடுத்தேன்.

படிவத்தின் கடைசிக் கேள்வி, நண்பருடன் என்ன பேசினீர்கள் என்பது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் அங்கே கோடு போட்டிருந்தார்கள். ஹுமைரா மட்டும் எழுதியிருந்தாள்: 'படத்துக்கு வருகிறாயா என்று கேட்டேன். வருகிறேன் என்றாள்.'

பத்துக்குப் பத்து போட்டேன். சனிக்கிழமை அந்த வகுப்பில் பத்துப் பேரை என் வேனில்தான் தியேட்டரில் கொண்டுபோய் விட்டேன். ஓர் இருக்கை மிச்சம் இருந்தது. அதில் என் கைப்பையை வைத்திருந்தேன்.