கண்ணாடிக்காரர் கட்டிய கம்ப்யூட்டர்

"கம்ப்யூட்டரை நான் கடையில் வாங்கப் போவதில்லை. பாகம் பாகமாக வாங்கி, இந்தக் கையாலேயே கட்டப்போகிறேன்!"

பல் துலக்கிய கையோடு வந்து இப்படி அறிவித்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய திருகாணிகளையே நாள் முழுக்கத் திருகுகிறவர். தான் திருக முடியாத திருகாணி உலகத்தில் இல்லை என்று ஒரு நினைப்பு.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவள் கட்டட வரைபடம் போடுகிறவள். சாப்பாட்டு மேஜைதான் அவளுக்கு ஆபீஸ். அதிலிருந்த பழைய லேப்டாப்பில் கீழ்வீடு வரைந்தால் தாங்கும். மாடி எழுப்பினால் மூச்சு வாங்கிப் படுத்துவிடும்.

"எதுக்குங்க திடீர்னு கம்ப்யூட்டர்?"

"வீட்டுக் கணக்கு போட."

"நம்ம வீட்டுக் கணக்கு விரல்லயே முடிஞ்சிடுமே."

"எதிர்காலத்தை நினைச்சுப் பாக்கணும்மா."

அவர் நினைத்துப் பார்த்தது எதிர்காலத்தை அல்ல, ஆகாயத்தை. விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கடைக்கு வந்த வாடிக்கையாளர் காட்டிவிட்டுப் போயிருந்தார். மேகம், ஓடுபாதை, விமானி இருக்கை எல்லாம் தத்ரூபம். அன்றிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, யார் தொந்தரவும் இல்லாமல் பறப்பது என்று முடிவு கட்டிவிட்டார். அதன் பிறகு வீட்டில் எந்நேரமும் கம்ப்யூட்டர் கட்டுவது எப்படி என்ற வீடியோதான். அவர் கண்ணால் பார்த்தார். மனைவி படம் போட்டபடியே காதால் கேட்டாள்.

பெட்டிகள் வந்து இறங்கின.

"இது என்னங்க, இவ்ளோ பெரிசு?"

"கேபினட்."

"அப்போ நீங்கதான் இலாகா இல்லாத மந்திரியா?"

அவர் காதில் வாங்காமல், எல்லாப் பாகங்களும் வந்து உட்காரும் பலகையான மதர்போர்டை வெளியே எடுத்தார். கடையில் உபயோகிக்கும் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தார். பொன் நிறத்தில் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். ஒன்றை ஒன்று முட்டாமல் எங்கெங்கோ ஓடின. மேலே பறந்துகொண்டு ஒரு ஊரைப் பார்ப்பதுபோல் இருந்தது. நமக்குத் தெரியாமல் இதற்குள் இவ்வளவு நடக்கிறதா என்று வாயைப் பிளந்தார்.

"எனக்கும் கொஞ்சம் காட்டுங்க" என்று மனைவி லென்ஸைப் பிடுங்கிக்கொண்டாள். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. "அடேயப்பா! யாரோ நல்லா பிளான் போட்டிருக்காங்க. மெயின் ரோடு, சந்து, நடுவுல மைதானம். இந்த மைதானத்துல எது வரும்?"

"பிராசசர். இதோட மூளை. தொடாதே, தொடாதே!"

"இந்த நீளப் பள்ளம்?"

"ராம். கம்ப்யூட்டரோட ஞாபகசக்தி."

"உங்களுக்கும் ஒண்ணு சேத்து வாங்கியிருக்கலாம்."

அவர் வேலை செய்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். பிராசசரைத் தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தினார். அதன் தலையில் சூடு கடத்தும் தெர்மல் பேஸ்டைப் பட்டாணி அளவு வைத்து, விசிறியை மாட்டினார். ராமை ஒரு விரலால் தடவிக் கொடுத்தபடி பள்ளத்தில் நிறுத்தினார். கண்ணாடிக் கடையில் அழுத்துகிறவன் உருப்பட மாட்டான் என்பது அவருடைய தொழில் தர்மம். கடைசியில் மானிட்டரை இணைத்து, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

விசிறிகள் சுற்றின. விளக்குகள் எரிந்தன. திரை மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது.

"என்னங்க, ஒண்ணும் வரலையே?"

"உள்ளுக்குள்ள யோசிக்குது."

மறுநாளும் யோசித்தது. அவர் வயர்களைப் பிடுங்கினார், மாட்டினார். ஊதினார். அதட்டினார். கெஞ்சினார். சோறு இறங்கவில்லை.

"இன்னுமா யோசிக்குது? நாமகூட கல்யாணத்துக்கு இவ்ளோ யோசிக்கலையே" என்றவள், உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஓரத்துல சின்னதா ஒரு லைட் விடாம எரியுதே, அது என்ன?"

"அது சும்மா அலங்கார விளக்குடி! எல்லாத்தையும் நோண்டிக் கேக்காதே."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நோண்டுவதை மட்டும் விடவில்லை.

மறுநாள் காலை கண்ணாடிக்காரர் கொதித்துக்கொண்டு கிளம்பினார். "மதர்போர்டே கோளாறு! கடையை மூடிட்டு, சாயங்காலம் இதை வித்தவனை நேர்ல போய் உண்டு இல்லைன்னு பண்ணிட்டு வர்றேன்!"

பண்ணினார். பாகம் விற்ற கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், ராமை நல்லா அழுத்தினீங்களா? ரெண்டு பக்கமும் 'டக்'குனு சத்தம் வரணும்."

சத்தமா? அவர் மூச்சுகூட விடாமல் அல்லவா வைத்தார்! காற்று போன பலூனாகக் கடையை விட்டு இறங்கியவருக்கு வழியெல்லாம் ஒரே ஒரு நிம்மதி, மனைவிக்கு இது தெரியாது. பூனை மாதிரி உள்ளே போய் அழுத்திவிட்டு, "பயங்கரமான கோளாறு, நானே சரி பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டால் போயிற்று.

பூனை மாதிரியே பின்னறைக்குள் நுழைந்தார். உள்ளே பளீரென்று வெளிச்சம். சாப்பாட்டு மேஜை நாற்காலி அங்கே வந்திருந்தது. அதில் மனைவி. திரையில் ஒரு கட்டடம், மாடிமேல் மாடியாக ஏழு மாடி, மூச்சு வாங்காமல் நின்றது.

"எப்படி...?" என்று திரைக்கு அருகே குனிந்தார்.

"அந்த லைட்டு அலங்காரம் இல்லைங்க. ராம் சரியா உக்காரலைன்னா எரியுமாம், கூட வந்த புத்தகத்துல போட்டிருக்கு. வயரைப் பிடுங்கிட்டு, ஊருக்குப் போறப்ப பெட்டியை மூடுவோமே, அந்த மாதிரி ஒரு அமுக்கு அமுக்கினேன். 'டக்'குன்னு உக்காந்துடுச்சு. மீதியெல்லாம் உங்க வீடியோ கத்திக் கத்திச் சொன்னதுதானே?"

"நல்ல வேலை பண்ணே. கொஞ்சம் எழுந்திரு, நான் பாக்கறேன்."

"பாருங்களேன்" என்று தாராளமாக எழுந்து, போகிற போக்கில் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினாள். கட்டடம் மறைந்தது. அந்த இடத்தில் இரண்டு வட்டங்கள் வந்தன. ஒன்றின் கீழே 'முதலாளி'. இன்னொன்றின் கீழே 'விருந்தாளி'.

கண்ணாடிக்காரர் உரிமையோடு முதலாளியைத் தட்டினார். பாஸ்வேர்டு கேட்டது.

"பாஸ்வேர்டு என்னம்மா?"

"அது முதலாளிக்குத்தாங்க தெரியும்."

விருந்தாளியைத் தட்டினார். வாசல் திறந்தது. ஆவலோடு இணையத்திலிருந்து விமானத்தை இறக்கப் போனால், 'இதற்கு முதலாளியின் அனுமதி தேவை' என்றது, அவரே கட்டிய கம்ப்யூட்டர்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்து, துடைத்தும் விட்டார். "நீ வேலையை முடி. நாளைக்கு நீ படம் போடாத நேரமா பாத்து, ஒரு அரை மணி நேரம் உக்காந்துக்கறேன். சரியா?"

"தாராளமா உக்காருங்க" என்றாள் மனைவி, ஏழாம் மாடிக்குத் திரும்பியபடி. "ஆனா விருந்தாளின்னா, வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிட்டு வரணும்ங்க."