நாலு கண்ணாடிக்கு அப்பால் ஒரு கார்

உலகத்தைக் காப்பாற்றியே தீருவது என்று நான் முடிவெடுத்தது ஒரு சாப்பாட்டு இடைவேளையில்.

அதற்கு முன்னால் உலகத்துக்கும் எனக்கும் பெரிய பழக்கமில்லை. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, நான் பாட்டுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களைச் சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்வேன். தெரியவில்லை என்றால் லென்ஸை மாற்றுவேன். தெரிகிறது என்றால் ஃப்ரேமை மாற்றச் சொல்வேன். ஏதாவது ஒன்றை மாற்றாமல் யாரையும் வெளியே விட்டதில்லை.

எங்கள் கடைக்கு எதிரே கார் ஷோரூம். அங்கேதான் அது வந்து நின்றது. மழை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வானம் ஒரு நிறத்தில் இருக்குமே, அந்த நிறம். பாதி பெட்ரோலில் ஓடும், பாதி பேட்டரியில் ஓடும். என் மூக்குக் கண்ணாடி, எங்கள் கடைக் கண்ணாடி, ஷோரூம் கண்ணாடி, அந்தக் காரின் முன்கண்ணாடி. நாலு கண்ணாடிக்கு அப்பால் ஓட்டுகிறவர் சீட்டு காலியாக இருந்தது. எனக்காகத்தான் காலியாக இருக்கிறது என்று தோன்றியது. காதலித்தவர்களுக்கு இது புரியும். காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டவர்களுக்கு மறந்திருக்கும்.

இடைவேளை விட்டால் போய் நிற்பேன். முதல் நாள் வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். அப்புறம் தலையை மட்டும் ஆட்டினார். அதற்கும் அப்புறம், "சார், கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. உங்க நெத்தி பட்டுக் கண்ணாடியில வட்டமா கறை விழுது. துடைக்கிற அம்மா என்னைத் திட்டுறாங்க" என்றார்.

கடையிலும் வேலை ஓடவில்லை. ஒருவர் சுவரில் இருந்த எழுத்தை எல்லாம் படித்து முடித்துவிட்டு, "சரியா சொன்னேனா?" என்று கேட்டார். நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி, எழுந்திருங்க. நீங்க இங்க உக்காருங்க, நான் செக் பண்றேன்" என்றார்.

எனக்குக் கார் இல்லாமல் இல்லை. அண்ணன் ஓட்டிச் சலித்து என்னிடம் தள்ளியது ஒன்று இருந்தது. கொடுக்கும்போது தள்ளுபடி என்றான். தள்ளும்படி என்று சொல்லியிருக்க வேண்டும், அவசரத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று. அது கிளம்பினால் முதலில் புகை கிளம்பும், பிறகுதான் கார். மாடிவீட்டு அக்கா கொடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால் சாம்பல் சட்டையாக எடுப்பார்.

சரி, புதுக் கார் மேல் ஆசையாக இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லலாமா? சொன்னால், "எனக்குக்கூடத்தான் தூங்க ஆசையா இருக்கு" என்பாள். வீட்டில் ஒரு வயதுப் பாப்பா. ஆசை என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் மதிப்பில்லை, கடமைக்குத்தான். அதனால் என் ஆசைக்குக் கடமை என்று ஒரு ஃப்ரேமை மாட்டினேன். தொழில் பழக்கம்.

மனைவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய்ப் படுத்தவர்களை உட்கார வைப்பாள், உட்கார்ந்தவர்களை நிற்க வைப்பாள், நிற்கிறவர்களை நடக்க வைப்பாள். அவள் முன்னால் சும்மா நிற்பதே ஆபத்து. பாப்பாவைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, தோளில் ஒரு பெரிய பையோடு ஊர் முழுக்கப் பஸ்ஸில் சுற்றுகிறவள். பழைய காரை அவ்வளவு தூரத்துக்கு நம்ப முடியாது. வழியில் நின்றால் அவளுடைய நோயாளிகள்தான் வந்து தள்ள வேண்டும். அதனால் அது என்னிடம் இருந்தது. என் கடை ரெண்டு தெரு தள்ளி.

உலகத்தைக் காப்பாற்ற முடிவெடுத்த அன்று சாயங்காலம் அவள் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தேன்.

"நாம பண்றது பெரிய பாவம்."

"யாருக்கு?"

"பூமிக்கு."

"பாப்பா வாயைத் துடைச்சிட்டுச் சொல்லுங்க."

துடைத்துவிட்டுச் சொன்னேன். "நம்ம வண்டி விடுற புகையை நினைச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்லை."

"அப்போ நேத்து குறட்டை விட்டது யாரு?"

"அது வருத்தத்துல வந்த குறட்டை. இங்க பாரு, புது வண்டியில புகை பாதிகூட இல்லையாம். பெட்ரோலும் கொஞ்சமாத்தான் குடிக்குமாம். நாளைக்கு நம்ம பொண்ணு நல்ல மூச்சு விட வேண்டாமா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, புது வண்டியை எதுல செய்றாங்க?"

"இரும்புல. அப்புறம் ரப்பரு, பிளாஸ்டிக்கு, கண்ணாடி."

"இரும்பை எப்படிக் காய்ச்சுறாங்க? வாயால ஊதியா?"

"பெரிய பெரிய உலையில..."

"உலையில புகை வராதோ?"

"அது தொழிற்சாலைப் புகைம்மா. நம்ம புகை இல்லை."

"மேல போன புகை, நான் இன்னார் வீட்டுப் புகைன்னா சொல்லிக்கிட்டு நிக்கும்? நமக்காகச் செஞ்ச வண்டின்னா அந்தப் புகையும் நம்ம தலையிலதான். நம்ம பழைய வண்டியைச் செஞ்ச புகை எப்பவோ போயாச்சு. இருக்கிறதை ஓடுற வரைக்கும் ஓட்டுறதுதான் பூமிக்கு நல்லது. பாப்பா, ஆ காட்டு."

வாயை மூடிக்கொண்டேன். ஆ காட்டியது பாப்பா மட்டும்தான்.

ஆனால் விட முடியுமா? எதிரே அது நிற்கிறது. நிறம் வேறு அந்த நிறம். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனை வைத்துக்கொண்டு படித்தேன். பள்ளிக்கூடத்தில் இந்த அளவு படித்திருந்தால் நான் கண் டாக்டராகவே ஆகியிருப்பேன். கடைசியில் பதில் கிடைத்தது. அவளால் அசைக்க முடியாத பதில்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கு. சாட்சிக்கு மாடிவீட்டு அக்காவையும் அழைத்திருந்தேன். அவர் தடயமாக ஒரு சட்டையே கொண்டுவந்தார்.

"நீ சொன்னது வாஸ்தவம்" என்று பெருந்தன்மையாகத் தொடங்கினேன். "புது வண்டி பொறக்கும்போதே ஒரு மூட்டைப் புகையைத் தலையில வச்சுக்கிட்டுத்தான் பொறக்குது."

"அப்படி வாங்க."

"ஆனா ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பழசைவிடக் கொஞ்சமாத்தான் புகை விடுது. அந்த மிச்சத்துல மூட்டை கரையும். ஓட ஓடக் கரையும். ஒரு நாள் முழுசா கரைஞ்சிடும். அதுக்கு மேல ஓடுறதெல்லாம் பூமிக்கு லாபம்!"

"ஓடாம நின்னா?"

"மூட்டை அப்படியே கிடக்கும்."

"அப்போ, தினம் கொஞ்சூண்டு ஓட்டுறவங்க புது வண்டி வாங்கினா?"

"வீண்! பூமிக்குத் துரோகம்!" மேசையைத் தட்டினேன். பாப்பா கை தட்டினாள்.

"நிறைய ஓட்டுறவங்க வாங்கினா?"

"புண்ணியம்!"

"அக்கா, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேன்மா" என்றார் அக்கா. "கேக்க நல்லாத்தான் இருக்கு. என் சட்டை?"

"சரிங்க" என்றாள் மனைவி. "வாங்கிடலாம்."

அவ்வளவு சீக்கிரம் ஜெயித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் நான் ஜெயித்தது அதுதான் முதல் தடவை என்பதால், ஜெயித்தால் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை.

"பழசை வித்துடலாம்" என்றேன், உற்சாகத்தில்.

"வித்தா வாங்குறவர் ஓட்ட மாட்டாரா? புகை அடுத்த தெருவுல வரும், அவ்வளவுதான். உடைக்கிற இடத்துக்கே குடுத்துடுங்க. இரும்பு திரும்பவும் இரும்பாகட்டும்."

அதற்கும் தலையாட்டினேன்.

எடுத்துப்போக வந்தவர் கதவை அறைந்து சாத்தினார். சாத்திக்கொள்ளவில்லை. மறுபடி அறைந்தார். நான் ஓடிப்போய், லேசாகத் தூக்கி, இடுப்பால் ஒரு தட்டுத் தட்டி மூடிக் கொடுத்தேன். அப்படித்தான் அது மூடும். கியர்த் தலையில் இருந்த எண்கள் எல்லாம் அழிந்திருந்தன. என் உள்ளங்கை தேய்த்து அழித்தவை. இரும்பை உருக்கும்போது அந்த உள்ளங்கைக் குழியும் போய்விடும் என்று அன்றைக்கு ஏனோ தோன்றியது. அது தெருமுனையில் திரும்பி, புகை கலையும் வரைக்கும் நின்றேன். அதில் கொஞ்சம் கண்ணில் பட்டு எரிந்தது. புகைதான்.

புதுக் காரை எடுக்கும் நாளும் வந்தது. வாட்ச்மேன் பலமாகச் சல்யூட் அடித்தார். பதிலுக்கு நானும் கையைத் தூக்கினேன். "வாங்க மேடம்" என்றார் அவர், என்னைத் தாண்டி.

கண்ணாடி எதுவும் குறுக்கே இல்லாமல் அதன் பக்கத்தில் நின்றேன். கதவு ஒரு விரலுக்குத் திறந்தது. உள்ளே புது வாசனை. இத்தனை நாள் ஏங்கிய சீட்டில் உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் ஸ்டீயரிங்கில் இடித்தன. முகம் ஹாரனில் பட்டு அது கத்தியது.

விற்பனைப் பையன் பதறி ஓடிவந்தான். "சார், சார், அது மேடம் அளவு! போன மாசம் ஓட்டிப் பார்த்தப்போ வச்சது. மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"போன மாசமா?"

மனைவி கைப்பையில் எதையோ தேடினாள். "ஷோரூம் முதலாளியோட அம்மாவுக்கு முட்டிவலி. நான்தான் பார்க்கிறேன்."

"அப்புறம் எதுக்கு இரும்பு, உலைன்னு என்னை அந்தக் கேள்வி கேட்டே?"

"கேட்டாத்தானே நீங்க படிச்சிட்டு வருவீங்க? எனக்குப் படிக்க எங்க நேரம்?"

"அப்போ வண்டி..."

"நான் ஊரையே சுத்துறேன். உங்களுக்கு ரெண்டு தெரு. கொஞ்சூண்டு ஓட்டுறவங்க வாங்கினா என்னன்னு சொன்னீங்க?"

நான் இறங்கினேன். "துரோகம்" என்றேன்.

"யாருக்கு?"

"பூமிக்கு."

அவள் தோளிலிருந்த பையை இறக்கிப் பின்னால் வைத்தாள். பட்டை அழுத்திய இடத்தைக் கையால் தேய்த்துவிட்டுக்கொண்டு, சீட்டில் சாய்ந்து, ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். அவளுடைய பஸ் இந்த ஷோரூமைத் தாண்டித்தான் போகும். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்த நாளில் அவளும் இதைப் பார்த்திருப்பாள். கிடைக்காத நாளில் யார் யார் கைக்கு நடுவிலோ எட்டிப் பார்த்திருப்பாள்.

"உங்களையும் ஒரு நாள் பஸ்ல இருந்து பார்த்தேன்" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "நெத்தியைக் கண்ணாடியில ஒட்டவச்சுக்கிட்டு நின்னீங்க. பாவமா இருந்துச்சு."

"அப்போ எனக்கே குடுத்திருக்கலாமே?"

"அவ்வளவு பாவமா இல்லை."

இப்போது கடைக்கு நடந்துதான் போகிறேன். ஷோரூமில் வேறு ஏதோ கார் நிற்கிறது. நான் பார்ப்பதில்லை. காலையில் மழை நிறத்தில் ஒன்று சத்தமில்லாமல் என்னைக் கடந்து போகும். உள்ளே இருந்து ஒரு கை ஆடும். அது திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு விடுமுறை நாளில் மூவருமாகக் கிளம்பினோம். முன்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதுவாவது கிடைத்ததே என்று பெல்ட்டை மாட்டினேன். வண்டி நகர்ந்தது. சத்தமே இல்லை. அந்த அமைதியில் பின்சீட்டில் இருந்த பாப்பா கண்ணை அகல விரித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். புது வண்டியில் அழுகை எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது!

"தூக்கம் வருது அவளுக்கு" என்றாள் மனைவி. "பொறந்ததுல இருந்து பழைய வண்டிச் சத்தத்துலயே தூங்கிப் பழகிட்டா. சும்மா இருந்தா தூங்க மாட்டா. நீங்க பின்னால போங்க."

போனேன். "பாட்டுப் பாடவா?"

"பாட்டு வேணாம். பழைய வண்டி மாதிரி சத்தம் போடுங்க."

"நானா?"

"அதை உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதலில் கிளம்பாத சத்தம் போட்டேன். கிர்ர். கிர்ர்ர். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டுக் கவனித்தாள். பிறகு பிடித்தது. டுபு டுபு டுபு. கண்ணை மூடிக்கொண்டேன். கை தானாக முட்டியைப் பிடித்தது. முட்டி, கியர்த் தலை மாதிரியே உள்ளங்கையில் உட்கார்ந்தது. இரண்டாவது கியருக்கு ஒரு முனகல். இடது பக்கக் கண்ணாடிக்கு ஒரு கடகட. மேட்டில் மூச்சிரைத்தேன், இறக்கத்தில் சீறினேன். எத்தனை நாள் கழித்து ஓட்டுகிறேன்! பாப்பா தூங்கிவிட்டாள். ஆனாலும் நிறுத்த மனசு வரவில்லை. திரும்பும்போதும் வழி முழுக்க ஓட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் மாடிவீட்டு அக்கா நின்றுகொண்டிருந்தார். சத்தத்தைக் கேட்டதுமே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா, பழைய வண்டியை உடைக்கக் குடுத்தாச்சுன்னே? அதே சத்தம் கேக்குதே?"

மனைவி ஜன்னலை இறக்கிப் பின்சீட்டில் இருந்த என்னைக் காட்டினாள்.

"வண்டியைக் குடுத்தாச்சு அக்கா, சத்தத்தை மட்டும் வச்சுக்கிட்டோம். நீங்க மூக்கை விடுங்க, இது டீயில ஓடுது."