மூன்று நாள் முடிச்சு

"நான் போட்ட ஒரு முடிச்சை அவிழ்க்க முடியாம, ஏழு மாடி உசரக் கப்பல் ஒண்ணு மூணு நாள் கரையிலேயே நின்னுச்சு!"

பார்சல்காரர் இதைச் சொல்லாத ஆள் ஊரில் பாக்கி கிடையாது. முடிவெட்டும் கடையில் சொன்னார். பாதிச் சவரத்தோடு வெளியே அனுப்பினார்கள். பல் டாக்டரின் நாற்காலியில், வாய்க்குள் இரண்டு கருவி இருக்கும்போதும் சொன்னார். டாக்டர் மயக்க மருந்தைக் கூட்டினார். மனைவியிடம் மட்டும் நானூறு தடவை ஆகியிருக்கும்.

"ஆமாமா. போன மாசம் நீங்க தும்மினதுல ஒரு ரயில்கூட கவுந்துச்சு" என்று சொல்லி அந்த அம்மாள் குழம்புக் கரண்டியைத் தேடப் போய்விடுவாள்.

விஷயம் இதுதான். இருபது வயதில் அவர் துறைமுகத்தில் ஒரே ஒரு வாரம் கூலிக்கு நின்றார். கப்பல் கயிற்றைக் கரைத் தூணில் கட்டு என்றார்கள். கட்டினார். கயிறு புத்தம் புதுசு. அறுத்தால் அறுத்தவனை அறுப்பேன் என்று கேப்டன் குதித்தாராம். அதனால் கப்பல் மூன்று நாள் நின்றதாம்.

இதை நம்பிய ஜீவன் உலகத்தில் ஒன்றே ஒன்று. எட்டு வயது மகள். வினையும் அங்கேதான் வந்தது.

மகள் குட்டிச் சாரணர் படையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூட மைதானத்தில் பன்னிரண்டு வாண்டுகள் கூடும். தலைவி ஒரு மருந்துக்கடைக்காரப் பெண். வார நாட்களில் மாத்திரையை எண்ணுவாள், சனிக்கிழமை பிள்ளைகளை எண்ணுவாள். படையில் முதல் பேட்ஜ் உறுதிமொழி பேட்ஜ். 'உண்மையே பேசுவேன்' என்று கையை உயர்த்திச் சொன்னால்தான் கிடைக்கும். அது இல்லாமல் முடிச்சு, முதலுதவி, தோட்டம் என்று வேறு எந்த பேட்ஜுக்கும் வழியில்லை.

போன சனிக்கிழமை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் வீட்டுப் பெருமையைச் சொன்னார்கள். ஒரு பையன் தன் வீட்டுப் பூனை குழாயைத் திறக்கும் என்றான். இவள் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பிள்ளைகள் புல்லில் உருண்டு சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை.

"விளையாட்டுக்குச் சொன்னேன்னு ஒத்துக்கோம்மா. பேட்ஜ் தரேன்."

"விளையாட்டு இல்லக்கா. நெசம்."

"அப்ப பேட்ஜ் இல்ல."

வீட்டுக்கு வந்து மகள் அழவில்லை. அழுதிருந்தால்கூட பார்சல்காரர் ஒரு ஐஸ்கிரீமில் சமாளித்திருப்பார். சட்டையில் பேட்ஜ் குத்த வேண்டிய இடத்தில் அவள் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தாள். வட்டம் அழிந்துவிடும் என்று அந்தச் சட்டையைத் துவைக்கவே விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை பார்சல்காரர் மூன்று மணிக்கே மைதானத்தில் ஆஜரானார்.

"மேடம், எம் பொண்ணு சொன்னது நெசம். இப்பவே நிரூபிச்சுக் காட்டறேன்."

"சார், நாலு மணிக்கு முடிச்சு பேட்ஜுக்குத் தேர்வாளர் வர்றாரு. அவர் வந்ததும் கொடி ஏத்தணும். தயவுசெஞ்சு..."

தலைவி வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் முடித்துவிட்டார். கொடிக்கம்பத்தின் அடியில், கொடிக் கயிற்றில், ஒரு முடிச்சு. பன்றிக்குட்டி சுருண்டு படுத்தாற்போல இருந்தது.

"அவிழ்த்துப் பாருங்க!"

தலைவி பார்த்தாள். பன்னிரண்டு பிள்ளைகளும் பார்த்தார்கள். பூனைக்காரப் பையன் பல்லால் கடித்தும் பார்த்தான். ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததுதான் மிச்சம். முடிச்சு அசையவில்லை.

"ஒத்துக்கறேன் சார், கெட்டியான முடிச்சு. கப்பல் கதை வேற விஷயம். இப்ப நீங்களே அவிழ்த்துடுங்க."

"நானா?" என்றார் பார்சல்காரர். முகம் வெளுத்தது.

பதினெட்டு வருஷமாக அவர் பார்சல் ஆபீஸில் கயிறு கட்டுகிறவர். அங்கே முடிச்சு என்றால் அவிழக் கூடாது. போய்ச் சேர்ந்த ஊரில் கத்தியால் அறுத்துக்கொள்வார்கள். ஒரு முடிச்சையாவது அவிழ்க்க வேண்டிய அவசியம் அவர் வாழ்க்கையில் வந்ததே இல்லை.

"ஒரு கத்தி கொடுங்க மேடம்."

மேடம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "கத்தியா! சாரணர் கயித்தை அறுக்கவே கூடாது சார். அவிழ்க்க முடியாத முடிச்சு எங்க கணக்குல முடிச்சே இல்ல!"

"சரி, இழுத்துத் தளர்த்திடலாம். பசங்களா, உங்க கயித்தையெல்லாம் கொண்டாங்க!"

தேர்வுக்காகப் பிள்ளைகள் ஆளுக்கொரு கயிறு கொண்டுவந்திருந்தார்கள். பன்னிரண்டையும் ஒன்றோடு ஒன்று முடிந்து, ஒரு முனையை அந்த முடிச்சுக்குள் நுழைத்துக் கட்டி, எல்லோருமாக இழுத்தார்கள். பன்றிக்குட்டி எலிக்குட்டியாக இறுகியது. அப்போதுதான் மகள் மெல்லச் சொன்னாள்.

"அப்பா, இப்ப தேர்வுக்குக் கயிறே இல்லப்பா."

"இருங்க, கூடார முளை ஒண்ணு இருக்கு. அதை விட்டு நெம்பிப் பார்க்கலாம்" என்று தலைவி எதிரே இருந்த ஸ்டோர் ரூமுக்குள் ஓடினாள்.

பிள்ளைகளுக்குக் கை வலித்தது. விட்டால் இழுத்ததெல்லாம் வீண். ஒரே ஒரு நிமிஷம் பிடித்து வைக்கலாமே என்று பார்சல்காரர் கயிற்றின் மறுமுனையை, கைக்கு எட்டிய, சாத்தியிருந்த ஸ்டோர் ரூம் கதவின் கைப்பிடியில் கட்டினார். பழக்க தோஷம், நன்றாகவே கட்டினார். அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு.

"சார்! கதவு திறக்கல சார்!"

மணி நாலு. கேட்டருகே ஒரு சைக்கிள் வந்து நின்றது. வெள்ளை மீசை, இஸ்திரி கலையாத சட்டை, மார்பில் பளபளவென்று உறுதிமொழி பேட்ஜ். தேர்வாளர்.

"உங்க தலைவி எங்கே பிள்ளைகளா?"

ஸ்டோர் ரூமின் சின்ன ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து சல்யூட் அடித்தது. "இங்க இருக்கேன் சார்!"

தேர்வாளர் ஜன்னலைப் பார்த்தார். கதவிலிருந்து கொடிக்கம்பம் வரை துணி காயப்போடுகிற மாதிரி ஓடிய கயிற்றைப் பார்த்தார். மகள்தான் முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னாள், கப்பல் உள்பட.

"நடக்காத கதை" என்றார் தேர்வாளர். "நான் முப்பது வருஷம் கடல்ல இருந்தவன் பாப்பா. கப்பல் நின்னா எஞ்சின் கோளாறுல நிக்கும். முடிச்சுலயெல்லாம் நிக்காது."

பிள்ளைகள் சிரித்தார்கள். மகளின் கை சாக்பீஸ் வட்டத்தின் மேல் போய் மூடிக்கொண்டது.

பார்சல்காரர் அந்தக் கையைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் பெரிசாக நடந்தது அந்த ஒன்றுதான். மற்றபடி கயிறு, பசை, முகவரிச் சீட்டு.

"சார் சொல்றதுதான் சரி. நான் சும்மா அளந்து விட்டேன். கப்பலும் இல்ல, ஒண்ணும் இல்ல. குழந்தை என்னை நம்பினது ஒரு தப்பா? அவளுக்கு பேட்ஜைக் கொடுத்துடுங்க."

ஜன்னலில் இருந்த கை மெல்ல உள்ளே போனது.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, இப்பதான் நீங்க பொய் சொல்றீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முதல்ல அந்த அம்மாவை வெளியே விடுவோம்" என்று தேர்வாளர் கதவின் கைப்பிடிக்கு அருகே குனிந்தார். கண்ணாடியை மாட்டினார். முடிச்சை ஒரு பக்கம் திருப்பினார். மறுபக்கம் திருப்பினார். வால்முனை இரண்டு சுற்று சுற்றி, தன் வயிற்றுக்குள்ளேயே புதைந்து கிடந்ததை விரலால் தடவினார். தடவிய விரல் அங்கேயே நின்றுவிட்டது. நெற்றியில் வியர்வை பூத்தது. மெதுவாகத் திரும்பிப் பார்சல்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப உனக்குச் சுருட்டை முடி இருந்துச்சோ?"

பார்சல்காரர் தன் வழுக்கையைத் தடவினார். "இருந்துச்சுங்க. ஏன்?"

தேர்வாளர் ஒரு நிமிஷம் தன் மார்பிலிருந்த பேட்ஜைக் குனிந்து பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அம்மா, உள்ளே கத்தி இருந்தா நீட்டுங்க. அந்தப் பாப்பாவோட பேட்ஜையும் சேர்த்து நீட்டுங்க."

"சார், கயித்தை அறுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணினா அவிழாதா?"

"அவிழாதும்மா" என்றார் தேர்வாளர். கை தானாக உறுதிமொழிக்கு உயர்வதுபோல உயர்ந்தது. "எஞ்சின் கோளாறுன்னு மேலிடத்துக்கு எழுதிப் போட்ட கேப்டன் நான்தான், ஆனா மூணு நாள் இல்ல பாப்பா, நாலு."