வாசற்படியில் நின்ற சம்பந்தி

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையைப்போல உதவாத ஆள் அந்தக் கூட்டத்தில் வேறு யாரும் கிடையாது. நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும், சிரிக்கச் சொன்னால் சிரிக்க வேண்டும். நான் அதையும் கெடுத்தவன்.

எண்பதுகளின் நடுவில், மொரப்பூர் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குச் செல்வியை நிச்சயம் செய்யப் போனோம். நான் சஃபாரி சூட்டில் வெந்துகொண்டிருந்தேன். (அதைத் தைத்தவருக்கு என்மேல் என்ன கோபமோ!) அம்மா போய்ச் சேர்ந்தபின் என் கல்யாணம் ஒன்றுதான் அப்பாவின் ஆசை. அந்தச் சமயத்தில் அவருக்குக் கை நடுங்கும். நடை சின்னச் சின்ன அடியாகிவிட்டிருந்தது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

எங்கள் வகையறாவில் மாப்பிள்ளையின் அப்பாதான் தாம்பூலத் தட்டோடு பெண் வீட்டுக்குள் முதலில் கால் வைக்க வேண்டும். அதற்குமுன் எங்கள் ஆட்கள் ஒருவரும் படி தாண்டக் கூடாது. அப்பா தட்டோடு வாசல்வரை வந்தார். படிக்கு முன்னால் நின்றார். நின்றவர் நின்றவர்தான்.

"வாங்க சம்பந்தி, உள்ள வாங்க" என்றார் செல்வியின் அப்பா.

அப்பா அசையவில்லை. முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"கொறை ஏதாச்சும் இருந்தா சொல்லிடுங்க." பாவம், செல்வியின் அப்பா பயந்துவிட்டார். "பையனுக்கு வாட்ச் போட்டுடறேங்க. மோதரமும் போட்டுடறேங்க."

என் தாய்மாமன் என் காதுக்குள் குசுகுசுத்தார். "மாப்ள, மச்சான் கெட்டிக்காரருடா. இன்னும் கொஞ்சம் நிக்கட்டும் வுடு."

"ஒரு மொபெட்டும் வாங்கித் தந்துடறேங்க, உள்ள வாங்க!" செல்வியின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். (இன்னும் நின்றால் கார் வருமோ என்றுகூட எனக்குத் தோன்றியது. என் புத்தி அப்போது அந்த லட்சணத்தில் இருந்தது.)

உள்ளேயிருந்து செல்வியின் பெரியம்மா குரல் கேட்டது. "பேராசை புடிச்ச வூட்டுக்கு நம்ம புள்ளய அனுப்பறதா? தட்டத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லுங்க."

அப்போது அப்பாவின் உதடு அசைந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"காலு வரலடா."

உடனே நான் என் மூளையை உபயோகித்தேன். அவர் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். அப்பா தட்டோடு உள்ளே குப்புற விழுந்தார். தேங்காய் உருண்டு சமையலறைக்குள் போனது. செல்விதான் ஓடிவந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தாள். அப்பாவின் முகம் அசையவே இல்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

செல்வியின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "ஒடம்புக்கு முடியலீங்களா?" என்றார்.

அந்தக் கேள்வியை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு நிச்சயம் நடக்காமல் திரும்பினோம்.

தருமபுரியில் டாக்டர் பார்த்துவிட்டு நடுக்குவாதம் என்றார். "ஆசை இல்லாம நிக்கலீங்க அவரு. மூளையில டோபமின்னு ஒண்ணு ஊறும். வேணும்னு தோணினதைத் தேடிக் கெளம்ப வெக்கறதும், ஒண்ண வுட்டு இன்னொண்ணுக்கு மாற வெக்கறதும் அதுதான். அது வத்திப்போச்சு. அதான் காலும் மொகமும் அசையல. கெணத்துல தண்ணி இருந்தும் வாய்க்கா தூந்துட்டா வயலுக்குப் போவாதில்ல, அந்த மாதிரி."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா மெதுவாகக் கேட்டார். "எனக்கு இஷ்டமில்லன்னு நெனச்சிருப்பாங்களாடா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பின் சீட்டுக்காரர் எனக்குப் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

விஷயம் தெரிந்ததும் செல்வியின் அப்பா தாமே எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா உட்கார்ந்திருந்த கட்டிலிலேயே உட்கார்ந்து தட்டு மாற்றிக்கொண்டார். மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்து முகூர்த்தம் குறித்தோம். வாட்சும் மொபெட்டும் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது வாசலில் தயங்கி நின்றால், "என்ன, மொபெட்டு வேணுமா?" என்பாள் செல்வி. வீடே சிரிக்கும். அப்பா இருந்த காலத்தில் அவர் எதிரிலேயே சொல்லிச் சிரிப்போம். அவர் முகம் மட்டும் அப்படியே இருக்கும். ஒருநாள் எனக்கு மனசு கேட்கவில்லை.

"கோவமாப்பா?" என்றேன்.

வார்த்தை வர நேரமானது.

"உள்ள சிரிச்சிக்கிட்டுத்தான்டா இருக்கறேன்" என்றார்.