இழுத்தா வந்துடும்

‘இழுத்தா வந்துடும்’ ஆசாமிகளை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். மூடாத பெட்டியின் மேல் ஏறி உட்காருகிறவர்கள், வாசலில் நுழையாத கட்டிலை நாலு பேரை விட்டுத் தள்ளச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் ஓரமாக நின்று ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று குரல் கொடுக்கிறவர்கள், பொருந்தாத மூடியைத் திருகித் திருகி ஜாடியையே உடைத்துவிட்டு, ஜாடி மட்டமான சரக்கு என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள். ஒன்று பொருந்தவில்லையென்றால் நாம் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறோம் என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். இவர்களுக்குத் தோன்றாது. பலம் போதவில்லை என்றுதான் தோன்றும்.

இந்த இனத்துக்குரிய சகல லட்சணங்களும் பொருந்திய ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடையில் பார்த்தால் நம்பவே மாட்டீர்கள். ஒரு கண்ணின் பாவைக்கும் மறு கண்ணின் பாவைக்கும் உள்ள தூரத்தை அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் தும்மிவிட்டால் மறுபடி முதலிலிருந்து அளப்பார். கடையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டாரோ இல்லையோ, அளவு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு மறந்துவிடும்.

அவர் மனைவியின் காரில் இன்ஜின் போய்விட்டது. அதுவும் எப்போது? சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைத்து, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் போய் நிற்கவேண்டும் என்று இருந்தபோது. முப்பது கிலோமீட்டர் தூரம், அந்த நேரத்தில் பஸ் கிடையாது. முதல் நாளே தாமதமாக வருகிறவர்கள் இரண்டாம் நாள் வரவேண்டாம் என்று கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பதினைந்து வருஷம் தையல் மிஷினோடு மல்லுக்கட்டிய பிறகு கிடைத்த வேலை. மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம் என்றாள். கண்ணாடிக்கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய இன்ஜினைத் தூக்கணும், வேறொன்றை இறக்கணும், மூன்று இடத்தில் போல்ட் போடணும், இதற்கெல்லாம் மெக்கானிக்கா என்று கேட்டார்.

அந்த மூன்று இடத்துக்குத்தான் மவுண்ட் என்று பெயர். இன்ஜினைக் காரோடு பிடித்து நிறுத்தும் ரப்பர் வைத்த தாங்கிகள். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று. மூன்றிலும் ஓட்டைக்கு நேராக ஓட்டை வந்தாகவேண்டும். சனிக்கிழமை காலை, மனைவியின் தம்பி துணைக்கு வந்தார். தபால் ஆபீசில் வேலை, நல்ல சரீரம், அக்கா வீட்டுக்காரர் சொன்னதை மறுத்து அறியாதவர். இருவருமாக ஷெட்டின் உத்தரத்தில் பாரம் தூக்கும் செயின் பிளாக்கைக் கட்டி, பழைய இன்ஜினைத் தூக்கி எடுத்துவிட்டு, வாங்கி வந்த இன்ஜினை உள்ளே இறக்கினார்கள். வலது பக்கத்து ஓட்டை நேராக வந்தது. வந்ததுதான் தாமதம், நம் ஆள் போல்ட்டைப் போட்டு, ஸ்பானரில் நீளமான குழாயைச் சொருகி, முகம் சிவக்கச் சிவக்க முறுக்கினார். இறுகிய போல்ட்டின் கிறீச் சத்தம் இவர்களுக்கு எப்போதுமே பிடிக்கும். இடது பக்கம் சற்று விலகியிருந்ததைக் கடப்பாரையால் நெம்பி, அதையும் முறுக்கினார். பின்பக்கம் அரை விரல்கடை விலகி நின்றது.

“இழுத்தா வந்துடும்” என்றார்.

வரவில்லை. மைத்துனரை இன்ஜின் மேல் ஏறி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். வரவில்லை. எழுந்து மறுபடி, ஆனால் சற்றுப் பலமாக, உட்காரச் சொன்னார். கீழே ஜாக்கி வைத்து ஏற்றிப் பார்த்தார். மைத்துனரும் காரும் சேர்ந்து மேலே போனார்களே தவிர, ஓட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தீர்ப்புக்கு வந்துவிட்டார். இன்ஜினில் குறையில்லை, கார்தான் கோணல்.

“போன வருஷம் கேட்ல இடிச்சியே, அப்பவே பாடி கோணிப்போச்சு.”

“இடிச்சது நீங்க” என்றாள் மனைவி.

அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் துளை போடும் மிஷினைக் கையில் எடுத்தார். ஓட்டையை இழுத்துப் பெரிதாக்கிவிட்டால் தீர்ந்தது என்பது திட்டம். அந்த ஓட்டை பெரிதானால் அப்புறம் எந்த போல்ட்டும் அங்கே நிற்காது. மறுநாள் விடிவதற்குள் தன் வேலை போய்விடும் என்று அவளுக்குப் பயமாகிவிட்டது. அடக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

“ஒரு சட்டைக் கையை வெக்கணும்னா, மொதல்ல சுத்திவர குண்டூசி குத்தி நிறுத்துவோம். எல்லாம் சரியா வந்தப்புறம்தான் தைப்போம். நீங்க ஒரு மூலையை மொதல்லயே அழுத்தித் தைச்சுட்டு, மறு மூலை வரலைன்னு துணியைக் கிழிக்கப் போறீங்க.”

“அது துணி. இது இரும்பு” என்றார்.

நல்லவேளையாக போன் அடித்தது. வெளியூர் கிளம்பும் வாடிக்கையாளர் ஒருவருக்குப் புதுக் கண்ணாடி மூக்கில் நிற்கவில்லையாம். யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். அங்கே என்ன செய்தார் தெரியுமா? இரண்டு பக்கத்துத் திருகையும் தளர்த்தினார், கண்ணாடியை முகத்தில் வைத்து இப்படி அப்படி நகர்த்தி உட்காரவைத்தார், அப்புறம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். வாடிக்கையாளர் கைகுலுக்கிப் பாராட்டிவிட்டுப் போனார். நம் ஆளுக்கு உறைத்ததா? சுத்தமாக உறைக்கவில்லை.

இங்கே அக்காவும் தம்பியும் இரண்டு போல்ட்டையும் தளர்த்தினார்கள். செயினில் தொங்கிய இன்ஜினைத் தம்பி தொட்டில் ஆட்டுவதுபோல் மெதுவாக அசைத்தார். நாலாவது அசைப்பில் ‘டொக்’ என்றது. மூன்றாவது போல்ட்டை அவள் விரலாலேயே திருகி உள்ளே அனுப்பினாள். பிறகு மூன்றையும் சுற்றிச் சுற்றி இறுக்கினார்கள்.

கடைக்காரர் திரும்பி வந்தார். குனிந்து பார்த்தார். வாயெல்லாம் பல்.

“பாத்தியா? நேத்து நான் இழுத்தது இப்பத்தான் வேலை செஞ்சிருக்கு.”

மைத்துனர் வாயைத் திறந்தார். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார். மிச்ச வேலையை மூவரும் சாயங்காலத்துக்குள் முடித்தார்கள். திங்கட்கிழமை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அவள் கம்பெனி வாசலில் காரை நிறுத்தினாள். துளை போடும் மிஷின் இன்றுவரை கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டார் யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை என்று கணவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் மாமனாரோ, ஆபீஸ் மேனேஜரோ, யாரோ ஒருவர் மனசில் வந்திருப்பார். அவருக்கு இதைப் படித்துக் காட்டவேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாகக் காட்டுங்கள். அதற்குமுன் சற்றுக் குனிந்து உங்கள் காலில் இருக்கும் செருப்பைப் பாருங்கள். சுண்டுவிரல் சிவந்திருக்கிறதே, ஏன்? ஒரு சைஸ் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று செருப்புக்கடைக்காரர் சொன்னபோது, ‘போடப் போட சரியாயிடும்’ என்று சொன்னது யார்?