பேசினால் ஜன்னல் திறக்கும் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும்

அன்புள்ள மச்சானுக்கு, உன் அக்காளைக் கட்டிக்கொண்ட டயர் கடைக்காரன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீ அனுப்பிய பெட்டி எங்களைவிடச் சுகம்.

ஆறு ஜன்னலுக்கும் மோட்டார் ஷட்டர் போட்டு, என் கையில் ரிமோட்டைக் கொடுத்தாயே, அதோடு நிறுத்தியிருக்கலாம். காலையில் உன் அக்கா "வெளிச்சம் வரட்டுங்க" என்பாள், நான் பட்டனை அமுக்குவேன், வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு அதிகாரம்தான். இப்போ பேச்சுக்குக் கட்டுப்படுற பெட்டியை அனுப்பி அதையும் பிடுங்கிட்டே. அதுகிட்ட அவ எப்படிப் பேசறா தெரியுமா, "கொஞ்சம் திறந்து விடுப்பா, ரொம்ப நன்றி"ங்கறா. இருபத்திரண்டு வருஷத்துல எனக்கு ஒரு நன்றி விழுந்ததில்ல மச்சான், நானும் எத்தனை பாட்டில் மூடி திறந்து குடுத்திருக்கேன்.

பெட்டியை மாட்ட வந்த மெக்கானிக் ஒண்ணு சொன்னான். பெட்டி ஷட்டருக்கு உத்தரவு போடுமாம், ஷட்டர் பதில் சொல்லாதாம். நாம ரிமோட்டால மூடினா பெட்டிக்குத் தெரியவே தெரியாதாம். போதாதா எனக்கு. பெட்டி திறக்கும், நான் குளியலறைக்குள்ள இருந்து மூடுவேன். வீடே இருட்டு, பெட்டி மட்டும் "திறந்தாச்சு"ன்னு சாதிக்கும். பொய் சொல்ற பெட்டியை விட்டுட்டு உங்கக்கா என்கிட்ட வருவாள்னு பார்த்தா, அவ மெக்கானிக்குக்கு போன் போட்டுட்டா. நெட்டையா, சுருட்டை முடியா, நாலு நாளா தினமும் வர்றான். அவனுக்குப் பூப்போட்ட கப்புல காபி, எனக்கு நசுங்கின டம்ளர். "எவ்வளவு பொறுமையான பிள்ளை"ன்னு அவ சொன்னதை நினைச்சுக்கிட்டே கடையில ஒரு நட்டை முறுக்கினேன், நட்டு உடைஞ்சே போச்சு.

ஆகையால் இக்கடிதம் கண்டவுடன் வந்து பெட்டியைக் கழற்றிச் செல்லவும். இல்லாவிட்டால் நான் கடையிலேயே படுத்துக்கொள்வேன், அங்கே டயர்கள் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து என்னைவிட நல்ல கையெழுத்தோடு வாழட்டும்.

இப்படிக்கு,
வீட்டில் நான்காம் இடத்துக்கு இறங்கிவிட்ட உன் அத்தான்

பி.கு.: நான் தபால்தலை வாங்கப் போன நேரத்துல உங்கக்கா இதைப் படிச்சுட்டா. வந்ததும் என் சட்டைப் பையில கைவிட்டு ரிமோட்டை எடுத்தா. நான்தான் மூடறேன்னு அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். "பின்னே அவனை எதுக்குக் கூப்பிட்டே"ன்னு கேட்டேன். "நீங்க பொறாமைப்பட்டு நான் பார்த்ததே இல்லீங்க. நல்லா இருந்துச்சு"ன்னா. பெட்டி இருக்கட்டும் மச்சான். சமையலறைக்கும் ஒண்ணு அனுப்பு. மாட்டறதுக்கு மட்டும் வேற ஆளை அனுப்பு.