நாவலை ரிசர்வ் செய்த மர்ம ஆசாமி

சந்தேகம் என் ரத்தத்திலேயே ஊறியது. பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்று நினைப்பேன். சிரிக்காவிட்டால் நிறையவே கலந்திருக்கிறார் என்று நினைப்பேன். (ஆடிட் ஆபீஸ் குமாஸ்தா என்பதால் இதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.) இந்தக் குணத்தால் எண்பதுகளில் எனக்கு அமையவிருந்த கல்யாணத்தையே கெடுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

மாட்டுங்காவில் ஒரு தமிழ் வாசகசாலையில் தடிமனான துப்பறியும் நாவல் ஒன்றை ரிசர்வ் செய்துவிட்டுக் காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஆபீசில் நாக்பூருக்கு அனுப்பினார்கள். வரும்வரை என் முறையை நிறுத்திவைக்கும்படி நூலகர் செல்லையா அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் என் சீட்டை டிராயரில் தலைகீழாகச் சொருகினார். தலைகீழ்ச் சீட்டு என்றால் ஆள் ஊரில் இல்லை, கண்டுகொள்ள வேண்டாம் என்று அர்த்தம். சீட்டில் பெயர் கிடையாது, உறுப்பினர் எண் மட்டும்தான்.

திரும்பி வந்த அன்று நாவல் அலமாரியிலேயே இருந்தது. எடுத்து நீட்டினேன், முத்திரை குத்திக் கொடுத்தார். தலைகீழ்ச் சீட்டை அவரும் பார்க்கவில்லை, நானும் மறந்துபோனேன்.

கொலைகாரன் யார் என்பது தெரியும் கட்டத்தில் கெடு முடிந்தது. புதுப்பிக்கப் போனேன். அதற்குள் மாதம் பிறந்து, வழக்கம்போல அண்ணாச்சி தலைகீழ்ச் சீட்டுகளை எல்லாம் நிமிர்த்தி வைத்துவிட்டார்.

"வேற ஆளு ரிசர்வ் பண்ணியிருக்காவ சார். தர முடியாது."

யார் என்று கேட்டேன். சொல்வது ரூல் இல்லையாம். கடைசி அத்தியாயத்தை நின்றபடியே படித்துவிடலாம் என்று பார்த்தேன், அதற்குள் பிடுங்கிக்கொண்டார்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் மனம் ஆறவில்லை. யோசித்ததில் ஆள் அகப்பட்டார். முந்தின வாரம்தான் செம்பூரில் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தேன். வங்கியில் வேலை பார்க்கும் வசந்தாவை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அவள் அப்பா ராமநாதன் மாமாவும் அதே வாசகசாலை உறுப்பினர். நான் நாவலைப் பற்றி அளந்தபோது, தானும் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லிப் பெருமூச்சு விட்டார். அன்றைக்கு அதை ரசனைப் பொருத்தம் என்று நினைத்தேன். இப்போதல்லவா சதி புரிந்தது!

அந்த வாரம் முழுக்க ஆபீஸ் விட்டதும் வாசகசாலைக்குப் போய், செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி கவுண்டரைக் கண்காணித்தேன். சனிக்கிழமை மாமா வந்தார். பழுப்பு பைண்டு போட்ட தடிப் புத்தகம் ஒன்றை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். (அங்கே எல்லாப் புத்தகத்துக்கும் அதே பழுப்பு பைண்டுதான். கோபத்தில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்?)

பாய்ந்து போய் வழியை மறித்தேன். "பொண்ணைக் குடுக்கறேன்னு சொல்லிட்டு இப்படிப் புஸ்தகத்தைப் பிடுங்கிக்கறது நியாயமா மாமா?"

வாசகசாலையே நிமிர்ந்து பார்த்தது. மாமா புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். ஹோமியோபதி. 

அண்ணாச்சி கவுண்டரிலிருந்து என் நாவலைத் தூக்கிக் காட்டினார். "ஒங்க புஸ்தகம் இங்கதான சார் கெடக்கு. பொறவு சீட்டைப் பாத்தா, ரிசர்வ் பண்ணுனது ஒங்க நம்பர்தான். தெனமும் வந்து உக்காருதீயளே, எடுத்துக்கிடுவீயன்னு இருந்தேன்."

மாமா ஹோமியோபதியை மறுபடி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். மறுநாளே தரகர் வந்து, பையன் சந்தேகப் பிராணி, இந்த இடம் வேண்டாம் என்று அவர்கள் வீட்டில் முடிவாகிவிட்டதாகச் சொன்னார். நாவல் கையில் இருந்தும் படிக்கப் பிடிக்கவில்லை. நாலு நாள் கழித்து அதே தரகர் சிரித்துக்கொண்டே வந்தார். (சிரித்ததால் அவர் மேலும் எனக்குச் சந்தேகம்.) வசந்தா அப்பாவிடம் சொன்னாளாம்: "எல்லாரும் அடுத்தவாளைத்தான் சந்தேகப்படுவா. இவர் ஒரு வாரம் காத்திருந்து தன்னையே பிடிச்சிருக்கார். இவ்வளவு அசடா ஒருத்தர் கெட்டவரா இருக்க முடியாதுப்பா."

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் வீட்டில் மூக்குக் கண்ணாடியைக் காணோம், எவனோ எடுத்துவிட்டான் என்று நான் குரல் எழுப்பினால், அடுக்களையிலிருந்து வசந்தா கேட்பாள்: "நம்பரைப் பார்த்தேளா?"

நான் மெதுவாக என் நெற்றியைத் தடவிப் பார்ப்பேன். கண்ணாடி அங்கேதான் இருக்கும்.